வையாளிக் குதிரையின் எடை

மார்ச் 3, திங்கள்

ஸ்டுடியோவில் இன்று மூன்றே மூன்று பாஸ்போர்ட் போட்டோ. அதில் ஒருத்தர் கண்ணை மூடாமல் ஐந்து நொடி இருக்கத் தெரியாதவர். அவரைச் சமாளித்துக் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். புதிதாக வந்திருக்கும் நிர்வாக அதிகாரி செந்தாமரை மேடம், குதிரை வாகனம் தூக்கும் இருபத்து நான்கு பேரையும் வரச்சொல்லியிருந்தார்.

பங்குனி உற்சவத்தில் எட்டாம் நாள் பெருமாள் குதிரையேறி வருவார். மரக்குதிரைதான். ஆனால் எங்கள் தோளில் ஏறியதும் அதற்குத் திமிர் வந்துவிடும். சந்நிதித் தெருவில் முன்னால் பாயும், பின்னால் வாங்கும், வளைந்து வளைந்து ஓடும். அதற்குத்தான் வையாளி என்று பெயர். போன வருடம் வையாளியில் தேரடி முக்கில் குதிரை ஒரு பக்கம் சாய்ந்து, பெருமாளின் குடை ஆராவமுது பட்டர் தலையில் இறங்கிவிட்டது. எவனோ ஒரு புண்ணியவான் அதை செல்போனில் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அதனால் இனிமேல் குதிரைக்குச் சக்கரம் வைத்த இரும்பு வண்டியாம். தள்ளிக்கொண்டு போனால் போதுமாம்.

"வண்டி செய்யற பட்டறையில குதிரை என்ன வெயிட்னு கேக்கறாங்க. யாருக்காவது தெரியுமா?" என்றார் மேடம்.

எங்கள் தலைவர் வேணு அண்ணன் எழுந்தார். அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், அந்த மெஷின் மாதிரியே இருப்பார். "ஒண்ணேகால் டன் மேடம்."

"எப்ப எடை போட்டீங்க?"

"எடை எதுக்குப் போடணும்? எங்க தோளுக்குத் தெரியாதா?"

எல்லோரும் ஆளுக்கொரு தோளைத் தடவிக்கொண்டோம்.

வீட்டில் வந்து சொன்னேன். வகுளா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நம்ம கல்யாணத்தப்ப முக்கால் டன்னுன்னீங்க. அதுக்கு என்னதான் தீனி போடறீங்க?" என்று கேட்டாள். என் மனைவிக்குப் பக்தி போதாது.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று தூக்கமில்லை. சக்கரம் வந்துவிட்டால் நான் யார் என்று யோசித்தேன். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நான் 'போட்டோக்கார தாமோதரன்'. அந்த ஒரு நாள் மட்டும்தான் 'முன்வரிசை தாமோதரன்'. குதிரையைத் தாங்கும் இரண்டு கழிகளில், வலது தண்டில் முன்னாலிருந்து இரண்டாவது இடம். என் அப்பா நின்ற இடம். அப்பா ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைச்சல். நான் அம்மா வீட்டுச் சாயல்.

எனக்கு நேர் பின்னால் நிற்பவன் வகுளாவின் அண்ணன் பட்டாபி. மூங்கில் கடை வைத்திருக்கிறான், தானும் ஒரு மூங்கில். அவ்வளவாகப் பேச மாட்டான். வையாளியில் மட்டும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்குவான். அவனுக்கு உடற்பயிற்சி போதாது.

வகுளாவிடம் தோள் மெத்தையை இந்த வருடம் எட்டு மடிப்பாகத் தைக்கச் சொன்னேன். போன வருடம் ஆறு மடிப்பு. "எட்டு மடிப்பு வச்சா தலையணைங்க அது" என்றாள். கனம் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி கூட்டம். குதிரையை நெல் மண்டி எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்றார் மேடம். பட்டர் காதைப் பொத்திக்கொண்டார். பெருமாள் இல்லாமல் வெறும் வாகனம் கோயில் வாசலைத் தாண்டக்கூடாது. சரி, பெருமாளோடு போகலாமே என்று மேடம் கேட்க, பட்டர் கண்ணையும் பொத்திக்கொண்டார்.

வேணு அண்ணன் அப்போதுதான் அந்தப் பெரிய வார்த்தையைச் சொன்னார். "கீழ வச்சா அது வெறும் மரம் மேடம். தோள்ல இருந்தாத்தான் குதிரை. மரத்த எடை போட்டு என்ன பண்ணப் போறீங்க?"

நாங்கள் கைதட்டினோம். மேடமும் சிரித்தார். பிறகு, "அப்ப தோள்ல இருக்கறப்பவே எடை போட்டுருவோம். ஒவ்வொருத்தரையும் வெறுமன ஒரு தடவ எடை மெஷின்ல நிறுத்துவோம், குதிரையத் தூக்கிக்கிட்டு ஒரு தடவ நிறுத்துவோம். எவ்வளவு கூடுதோ அதெல்லாம் கூட்டினா குதிரை" என்றார்.

கைதட்டல் நின்றுவிட்டது. ஆனால் எவனாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 12, புதன்

மெத்தை தயார். வைத்துப் பார்த்தேன், கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று எடை போட்டார்கள்.

பிரகாரத்தில் குதிரையைத் தூக்கி நின்றோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து முள் சுற்றும் எடை மெஷின் ஒன்று வந்திருந்தது. அதை ஒவ்வொருவர் காலடியிலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். மேடம் குனிந்து முள்ளைப் பார்த்து உரக்கச் சொன்னார், கோயில் குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

முதலில் வேணு அண்ணன். ஏறியதும் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து முழங்காலை விறைத்து எக்கினார் பாருங்கள், முள் ஒரு சுற்று சுற்றிப் பூஜ்யத்தைத் தாண்டிவிட்டது. சுற்றியிருந்த ஜனம் "கோவிந்தா!" என்றது. அதற்குப் பிறகு யார்தான் சும்மா நிற்பான்? அடுத்தவன் குதிகாலைத் தூக்கினான். அதற்கடுத்தவன் பல்லைக் கடித்து, கண் பிதுங்கி, நரம்பு புடைத்து நின்றான். ஒவ்வொருவனும் அவன் ஒருவனே குதிரையைத் தூக்குவது போலத் தூக்கினான்.

என் முறை வந்தது. தூணோரமாக வகுளா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் தண்டை மேலே பார்க்கத் தள்ளினேன். அறுபத்தொரு கிலோ கூடியது! என் சொந்த எடையே ஐம்பத்தெட்டுதான். பட்டர் என்னைப் பார்த்து, "பேஷ், பேஷ், வாமனா!" என்றார். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என் மேல் ரொம்பப் பிரியம்.

பட்டாபி மட்டும் வழக்கம்போல நின்றான். பாவம், அவனுக்கு ஆசையே கிடையாது.

மார்ச் 17, திங்கள்

கூட்டிப் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ.

காலையில் அதைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டோம். ஒன்றேகால் டன்னெல்லாம் பழைய கதை. வேணு அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் மேடம் வந்துவிட்டார்.

"ஒன்றரை டன்னுக்கு மேல! மனுஷங்க தோள்ல! இத்தன நாள் யாரும் சாகாம இருந்ததே பெருமாள் புண்ணியம். இன்னைக்கே வண்டிக்குச் சொல்லிடறேன். இந்த வருஷமே சக்கரம்தான்."

டீ ஆறிப்போனது. தற்பெருமைக்குத் தண்டனை கொடுக்கப் பெருமாள் நரகம் வரைக்கும் காத்திருப்பதில்லை போலிருக்கிறது. கூட்டலிலேயே முடித்துவிடுகிறார்.

மார்ச் 20, வியாழன்

ஸ்டுடியோவுக்கு யாரும் வரவில்லை. சக்கர வண்டியைத் தள்ள நான்கு பேர் போதும் என்கிறார்கள். அந்த நான்கு பேரில் நான் இருந்தாலும் என்ன? காய்கறி வண்டிக்காரனைப் பார்த்து எந்தப் பெண்டாட்டியாவது தெருவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வாளா?

சாப்பிடும்போது வகுளாவே கேட்டாள். "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? குதிரை அவ்வளவு கனமில்லன்னு சொல்லிட வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? நாங்களேதான் எடை போட்டுக் காட்டினோம்."

"நீங்கள்லாம் எக்கினத நானும்தான் பாத்தேன். எங்கண்ணனத் தவிர எல்லாருக்கும் பிரசவ வலி வந்தாப்புல இருந்துச்சு." ரசத்தை ஊற்றிவிட்டு, "குதிரை வெளிய போகக்கூடாது, அவ்வளவுதான? மண்டித் தராச உள்ள கொண்டாந்து அது காலுக்கடியில வைங்களேன்" என்றாள்.

இருபத்து நான்கு ஆண்பிள்ளைகள், ஒரு பட்டர், ஒரு அதிகாரி. யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதாக நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டாலும் ஊருக்கே தெரியும்.

வெங்காய மண்டியிலிருந்து நான்கு பெரிய எலக்ட்ரானிக் தராசுகள் வந்தன. குதிரையைத் தண்டு, மேடை சகிதம் அவற்றின் மேல் இறக்கினோம். முந்நூற்று அறுபத்திரண்டு கிலோ.

யாரும் கோவிந்தா சொல்லவில்லை. தலைக்குப் பதினைந்து கிலோ. வகுளா மாடிக்குத் தூக்கும் கேஸ் சிலிண்டரில் பாதி. வேணு அண்ணன் தராசின் அடியில் குனிந்து பார்த்தார், ஏதாவது முட்டுக்கொடுத்திருக்கிறதா என்று.

வெட்கமாக இருந்தாலும் உள்ளூர சந்தோஷம்தான். இந்த எடைக்கு எவன் சக்கரம் வைப்பான்? ஆனால் செந்தாமரை மேடம் பாதியில் விடுகிற ஜாதி இல்லை. "முந்நூத்தி அறுபதுதான்னா போன வருஷம் ஏன் சாஞ்சுது? யார் தோள்ல எவ்வளவு விழுதுன்னு பாத்தாத்தான் தெரியும். இந்தத் தடவ எக்கக் கூடாது. எல்லார் காலுக்கும் ஒரே உயரமா பலகை போடுங்க" என்றார்.

நான் மெத்தையைச் சரிசெய்துகொண்டேன். மேடம் பார்த்துவிட்டார். "அந்தத் தலையணையெல்லாம் எடுத்துருங்க சார்."

மறுபடி தூக்கி நின்றோம். வேணு அண்ணனுக்கு இருபத்தொன்பது கிலோ கூடியது. பட்டாபிக்கு முப்பத்தெட்டு. சிலருக்கு இரண்டு, மூன்று. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. என் முறை வந்தது. மெத்தை இல்லாத தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும். தண்டை விட்டுவிட முடியுமா? வழக்கம்போல மேலே கையைப் போட்டு இறுக்கிப் பிடித்தேன்.

மேடம் தராசைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தாமோதரன், ஐம்பத்தி நாலு."

வெறுமனே நின்றபோது ஐம்பத்தெட்டு.

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, "மைனஸ் நாலா மேடம்? மைனஸ் எப்படி எழுதறது?" என்று கேட்டார். ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பட்டருக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்போ இத்தனை வருஷமா குதிரைதான் உன்னைத் தூக்கிண்டு போயிருக்குடா, வாமனா!"

சிரித்தார்கள். தூண் அதிரச் சிரித்தார்கள். தண்டு ஆடிய ஆட்டத்தில் நானும் ஆடினேன், தொங்கிக்கொண்டுதானே இருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

கடை திறக்கவில்லை.

மார்ச் 26, புதன்

கடை திறந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் போட்டோ எடுக்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தார்கள். வேணு அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். எனக்குப் பதிலாக வேறு ஆள் போடுகிறார்களாம், நான் தீவட்டி பிடிக்கலாமாம்.

மத்தியானம் பட்டாபி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பின்னால் தொங்கும் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மச்சான்?" என்று கேட்டேன்.

"உங்க கல்யாணம் ஆன வருஷமே தெரியும் மாப்ள. உங்க கையி இழுக்கறது என் தோள்லதான வந்து விழும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க. நீங்க வரலன்னா வகுளா மூஞ்சி வாடிரும். அது சந்நிதித் தெருவுல நின்னு குதிரையயா பாக்குது?"

அப்போதுதான் அவன் சட்டைக் காலர் விலகியது. கழுத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்த்துப்போய் ஒரு கட்டி. நான் அதைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்திருந்தேன். அவனிடமே ஒரு தடவை கேலி பேசியிருக்கிறேன். என் பங்கைத் தூக்கி, அதற்கு மேல் என்னையும் தூக்கி வந்த கட்டி அது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பட்டாபிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வந்ததே வந்தேன், ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்குடுங்க" என்றான். எடுத்தேன். ஆடிப்போயிருந்தது.

தீவட்டி பிடிக்க மாட்டேன். ஒரே ஒரு தடவையாவது என் பங்கை நான் தூக்கிவிட வேண்டும். பதினைந்து கிலோ. அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

உற்சவத்துக்கு முந்தைய கடைசிக் கூட்டம். மேடம் எல்லோருடைய எடைக் கணக்கையும் வாசித்துவிட்டு, பாரம் சமமில்லாததால்தான் குதிரை சாய்ந்தது, அதனால் சக்கரமே மேல் என்றார். வேணு அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை.

நான் எழுந்து நின்றேன். "எழுந்து பேசுப்பா" என்றான் ஒருத்தன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"மேடம், நான் குட்டை" என்றேன்.

இந்த வார்த்தையை என் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. கோபுரம் ஒன்றும் சரியவில்லை. சிரிக்க வாயெடுத்தவர்கள்கூட எதற்கோ நிறுத்திவிட்டார்கள்.

"நான் குட்டை. எங்கப்பா நெட்டை. அவர் நின்ன இடம்னு நான் நின்னேன், அவ்வளவுதான். நாங்க எல்லாருமே அப்பன் நின்ன இடத்துலதான் நிக்கறோம், உயரம் பாத்து நிக்கல. நெட்டைக்கும் நெட்டைக்கும் நடுவுல குட்டைய நிறுத்தினா தண்டு எப்படி அவன் தோளுக்கு வரும்? குரூப் போட்டோவுல நான் அப்படி நிறுத்தினா செருப்பாலயே அடிப்பாங்க. குட்டையெல்லாம் முன்னால நிக்கட்டும். நடுவாந்தரம் நடுவுல. நெட்டை பின்னால. எல்லார் தோளுக்கும் தண்டு வந்துரும்."

இரண்டு, மூன்று கிலோ வாங்கிய நான்கைந்து பேர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்கள்.

வேணு அண்ணன் முதல் வரிசைக்காரர். பின்னால் போக வேண்டியவர். அவர் முகம் கறுத்தது. "அப்ப குதிரை முன்னால சரிஞ்சு நிக்குமே?"

"சரியட்டும்ணே. பாயற குதிரை நிமிந்துக்கிட்டா பாயும்?"

பட்டர் தொடையைத் தட்டினார். "பெருமாளை நான் நன்னா இறுக்கிக் கட்டிக்கறேன். நீங்க மாத்தி நில்லுங்கோ, பாக்கலாம்."

மாறி நின்று, தண்டைக் கையாலேயே தோளுயரத்துக்கு ஏந்தினோம். குதிரை கழுத்தை முன்னால் நீட்டி, எதன் மேலோ பாயப்போவது போல நின்றது. பட்டாபியும் வேணு அண்ணனும் கடைசி வரிசை. வேணு அண்ணன் தண்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு வலது தண்டில் முதல் இடம். இந்த ஊரிலேயே குட்டை நான்தான் என்பது இதனால் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. உயரம் மட்டும்தான் பார்த்தோம், பாரத்தைத் தோளில் வாங்குவதற்குள் உச்சிக்கால பூஜை மணி அடித்து, இறக்கி வைத்துவிட்டோம்.

மேடம் குதிரையைச் சுற்றி வந்து நெடுநேரம் பார்த்தார். "வண்டி எப்படியும் இந்த மாசம் தயாராகாது. இந்த வருஷம் ஓடிக் காட்டுங்க. ஒரு பக்கமா சாஞ்சுதுன்னா அடுத்த வருஷத்துலேருந்து சக்கரம். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று சாயங்காலம் எட்டாம் நாள்.

மெத்தை இல்லை, வெறும் துண்டு. பெருமாள் எழுந்தருளியதும் மேளம் ஒரு தட்டுத் தட்டியது. தூக்கினோம்.

தண்டு வந்து என் தோளில் உட்கார்ந்தது.

இத்தனை வருடத்தில் அது என் தோளைத் தொட்டதில்லை. முன்பக்கம் தாழ்வு என்பதால் பாரமும் முன்னால்தான் வரும் என்று அப்போதுதான் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. எலும்பில் இறங்கி, இடுப்பில் இறங்கி, முழங்காலில் இறங்கிப் பாதத்தில் போய் நின்றது. கையை எடுத்துப் பார்த்தேன். விழவில்லை. என் மேல்தான் இருந்தது. முந்நூற்று அறுபத்திரண்டு கிலோ என்று தராசு சொன்னது சுத்தப் பொய். வேணு அண்ணன் சொன்ன ஒன்றேகால் டன்கூடக் குறைச்சல்.

மேளம் மாறியது. ஓடினோம். முன்னால் பாய்ந்து, பின்னால் வாங்கி, மறுபடி பாய்ந்தோம். தேரடி முக்கு வந்தது. இதோ சாயப்போகிறது, என்னால்தான் சாயப்போகிறது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துத் தோளைக் கொடுத்தேன். குதிரை ஒரு பக்கமும் சாயாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு, வளைந்து திரும்பியது. ஓரத்தில் செந்தாமரை மேடம் வாயைப் பிளந்து நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வகுளா. நான் சிரிக்கப் பார்த்தேன், முகம் அதற்கு ஒத்துவரவில்லை. அவள் அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க முடியவில்லை, கண்ணில் வேர்வை.

பின்னாலிருந்து, அத்தனை மேளத்தையும் மீறி, பட்டாபியின் குரல் வந்தது. வையாளியில் அவன் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. இப்போது அவனுக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

"மாப்ள! கனக்குதா?"

இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"கனக்குது மச்சான்! கனக்குது!"

தெருவில் நின்ற அத்தனை ஜனமும் கையைத் தலைக்குமேல் கூப்பி, "கோவிந்தா! கோவிந்தா!" என்றது.